பட்டிக்கு அடியில் இருந்த வெல்டிங்

இன்று காலை செல்வம் ஒரு பழைய ஜீப்பின் கதவில் கிரைண்டரை வைத்தான். பெயிண்ட் உரிந்து, அதற்கடியில் பள்ளம் நிரப்பப் பூசியிருந்த பட்டி சூடேறிக் கருகியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். நீ போன பிறகு நம் பட்டறைக்கு வந்த வெல்டர் அவன். "என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று பின்னாலேயே வந்தான். ஒன்றுமில்லை என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் என்னவென்று சொல்வது?

போன மாதம் டீச்சரம்மாவின் ஃபியட் திரும்பி வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார். நீ கடைசியாகக் கைவைத்த வண்டிகளில் அதுவும் ஒன்று. நீ புதுத் தகடு வைத்த இடத்திலேயே, கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. "உப்புக் காத்து, டீச்சர். இந்த ஊர்ல எந்தத் தகடுதான் தாங்குது?" என்று சமாளித்தேன். மனதுக்குள் நம்பவில்லை. நீ வைத்த தகடு அத்தனை சீக்கிரம் போகாது.

இருபத்தைந்து வருடம் நீ வெட்டிப் பற்றவைத்தாய், நான் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தேன். துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுப்பாய். அட்டையில் அளவு பிரதி எடுத்து, அதைப் போலவே புதுத் தகட்டை வளைப்பாய். இரண்டு விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் உனக்கு. இங்கே ஒரு பொட்டு, எட்டி அங்கே ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளித்தான் தீ வைப்பாய். "ஒரே இடத்துல நின்னா தகடு கோவிச்சுக்கிட்டு நெளிஞ்சிரும்லே" என்பாய். ஆறியதும் பின்னால் இரும்புக் கட்டியைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டிவிட்டால், எனக்கு நகக்கனத்துக்குப் பட்டி போதும்.

ஃபியட்டில் பட்டி விரல் கனத்துக்கு இருந்தது. அத்தனையும் நான் போட்டது. சுரண்டி எடுத்த பிறகு உன் வெல்டிங்கைப் பார்த்தேன். இரண்டு தகடும் சேரும் கோட்டில்தான் தொடங்கியிருந்தது. ஒரு சாண் தூரம் போனதும் கோட்டை விட்டு விலகி, வெறும் தகட்டின்மேல் ஓடியிருந்தது. பிறகு திரும்பி வந்து, மறுபடியும் விலகியிருந்தது. சேராத இடமெல்லாம் திறந்தே கிடந்து, உள்ளே தண்ணீர் இறங்கித் தின்றிருந்தது. செல்வம் குனிந்து பார்த்தான். "யாரு அண்ணாச்சி பண்ணது? தீ இருக்க இடம் மட்டும் தெரிஞ்சிருக்கு, அடுத்து எங்கன போகணும்னு தெரியல அவருக்கு" என்றான். யாரென்று தெரியாமல்தான் சொன்னான்.

உனக்குக் கண் தெரிந்திருக்கவில்லை.

நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வருடத்தில் நீ முடித்துத் தந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தால் மேடும் பள்ளமுமாக இருந்தது. "என்னலே, கடல் மாதிரி அலையடிக்குது?" என்று சிரித்தேன். "சூட்டுல இழுத்துட்டு. ஒன் கை பட்டா சரியாயிரும், போடு" என்றாய். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பட்டியைக் குழைத்து அப்பி, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டினேன். உன் கண் போய்க்கொண்டிருந்ததை என் கையாலேயே மூடியிருக்கிறேன்.

ஃபியட்டைச் சுரண்டிய அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி பிலோமினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"தெரியும்ணே. கண்ணுல அழுத்தம்னு டாக்டர் சொன்னாரு. நேரா பாத்தா தெரியும், ரெண்டு பக்கமும் இருட்டு. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக."

"ஏன்மா?"

"தெரிஞ்சா அவன் என்னைய வெல்டிங் டார்ச்சத் தொடவிட மாட்டான்னாக."

உண்மைதான். விட்டிருக்க மாட்டேன். ரோட்டைத் தனியாகக் கடக்கவும் விட்டிருக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு முத்துராஜ் ஞாபகம் வந்தான். டீ குடிக்க நீ ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் வந்து உன்மேல் மோதிய பைக், அவன் ஓட்டி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். "ஹாரன் அடிச்சேன் அண்ணாச்சி. சத்தம் கேட்டு நின்னாக, ஆனா என்னையப் பாக்காமலே மறுபடி நடந்துட்டாக" என்றான். எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்தேன். "செத்தவன் மேல பழி போடுதியாலே?" என்று கேட்டேன். அவன் அதற்குப் பிறகு எங்கேயும் வாயே திறக்கவில்லை என்று சொன்னார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையூரணிக்குப் போய் விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். உப்பளத்தில் லோடு ஏற்றுகிறான். பைக் சுவரோரம் காற்றிறங்கி நின்றது. பஸ்ஸில்தான் போய் வருகிறானாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"தம்பி, நீ அன்னைக்குச் சொன்னது நெசம்பா. அவனுக்குப் பக்கத்துல வர்றது தெரியாது. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

திட்டுவான் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தான். பிறகு, "எங்கம்மா உள்ள இருக்காக. இத அவுககிட்ட ஒரு தடவ சொல்லுதீகளா?" என்றான்.

சொன்னேன். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முழுக்கக் கேட்டுவிட்டு, மகன் தலையில் கை வைத்தார்கள். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் தந்தார்கள்.

ஃபியட்டை முடித்துக் கொடுத்துவிட்டோம். புதுத் தகட்டின் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, அடித்தகட்டோடு சேர்த்து மிஷினால் பற்றவைத்தான் செல்வம். பொட்டுப் பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு. உள்பக்கம் துரு ஏறாமல் மெழுகும் அடித்தோம். கூலி வேண்டாம் என்றதும் டீச்சரம்மா காரணம் கேட்டார். "போன தடவை பட்டி போட்டு மூடினது நான்தான் டீச்சர்" என்றேன். அது உண்மைதான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் மூடுவதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

நீ மறைத்தாய் என்று கோபப்பட்டுப் பார்த்தேன். கோபம் நிற்கவில்லை. நாள் முழுக்க கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் நான். நீ திருப்புளியைத் தடவித் தடவி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வாசல் நிலையில் தோள் இடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். "கண்ணு எப்படிலே இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால் நீ பொய்தான் சொல்லியிருப்பாய். உன் பொய் எனக்குத் தெரிந்துவிடும், எப்போதும் தெரியும். கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியோடுதான் தினமும் பட்டறையைத் திறக்கிறேன்.