ஏழுமலைக்கு மீன் இல்லை

ஐப்பசி 6, வியாழன்

விடியலிலிருந்து தூறல். சங்கரா ஒரு கூடை, நெத்திலி கொஞ்சம். தார்ப்பாய் கிழிசல், தைக்க வேண்டும்.

தையல்கடை மும்தாஜ் வந்தாள். "ஆயா, அரைக் கிலோ சங்கரா. தலை வேணாம். நடுமுள்ள உருவிப் போடு."

அவள் வீட்டில் மீன் தலைக்குத்தான் சண்டையே. தலை வேண்டாமென்றால் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? பழைய கவுன்சிலர் ஏழுமலைக்கு. பதவி போய், பெண்டாட்டியும் போய், பிறந்த குப்பத்துக்கே வந்து இரண்டு வருடம். வாயில் பல் இல்லை.

அவனுக்கு மீன் விற்பதில்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம். மும்தாஜுக்கு விற்கலாம்.

என் வீட்டுக்காரரைக் கடலிலிருந்து பிணமாகத் தூக்கி வந்த அன்று வந்து ஒரு மாலையைப் போட்டான், போட்டோ எடுத்துக்கொண்டான். அவரோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவன் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். "மீட்டிங் கீது" என்று காரில் ஏறினான். வெள்ளைக் கார். பின்கண்ணாடியில் விரிசல்.

வெள்ளி

மழை விட்டது. முட்டி வலி. ரேஷன் வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் அவன். வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு.

வரிசையில் நின்ற கோவிந்தம்மா விடவில்லை. "இன்னா கவுன்சிலரே, எலெக்‌ஷன் வந்துச்சா?"

"பழக்கதோஷம் தங்கச்சி."

சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

சனி

மும்தாஜ் சொன்னாள், நாளைக்கு அடையாறிலிருந்து ஏழுமலையின் மகள் வந்து அவனை ஒரேயடியாக அழைத்துப் போகிறாளாம். "இங்க உனக்கு ஆரு கீறாங்கன்னு கேக்குதாம் ஆயா."

போகட்டும். எனக்கென்ன. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு

கூட்டம். மும்தாஜைக் காணோம். அவனே வந்தான், பின்னால் மகள்.

"அண்ணி, மீன் கீதா?"

நான் குனிந்தபடி அடுத்த மீனின் செதிலைச் சுரண்டினேன்.

"அப்பா, வண்டி நிக்குது."

"இரும்மா. ரெண்டு வருசமா எனக்கு முள்ளு எடுத்துப் போடறது இவங்கதான். ஆரு கீறாங்கன்னு கேட்டியே."

தெரிந்திருக்கிறது பாவிக்கு.

"அன்னிக்கு நான் தோள் குடுத்திருக்கணும் அண்ணி. ஓடிட்டேன்."

 இருந்ததில் பெரிய சங்கராவை எடுத்து முள் உருவினேன். பை கொண்டு வரவில்லை அவன். என் சோற்று டப்பாவைக் காலி செய்து அதில் போட்டேன்.

"கழுவி நாளைக்கு நீயே எடுத்துக்கினு வா. வேற ஆள் கையில குடுத்தனுப்புன, வாங்க மாட்டேன்."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னாள். வண்டி அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

மாரியம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

திங்கள்

நல்ல வெயில். பத்து மணிக்கு வந்தான். டப்பா சரியாகக் கழுவவில்லை. மூடியெல்லாம் செதில்.