பட்டி வைத்து அடைத்த கோடுகள்

14 ஜூலை 2007, சனி

நெம்மேலி ஏழுமலையின் பழைய ஃபைபர் படகை இன்று முடித்துக் கொடுத்தேன். வெயிலில் வெளுத்து, தொட்டால் மாவு போலக் கையில் ஒட்டிய படகு. கீறல்களைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வெள்ளை அடித்து, மெழுகும் போட்டேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. எனக்கே பெருமைதான்.

ஏழுமலையின் மனைவி வந்தாள். நேரே பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள்.

“இங்க ஆணியால கோடு போட்டு வச்சிருந்தோமே, எங்கண்ணா?”

“கீறல்னு நெனச்சு அடச்சிட்டேம்மா.”

“பாப்பா வளத்திண்ணா அது. பொங்கலுக்குப் பொங்கல் நிக்க வச்சுப் போடுவோம்.”

அவர்கள் பெண் அந்தச் சுனாமிப் பேரலையில் போனவள். நாலு கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பாறையில் உரசிய கீறல் அப்படிச் சீராக ஏறுமா? இருபது வருஷமாக இதே வேலை செய்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“வுடு, அண்ணாத்தைக்கு இன்னா தெரியும்?” என்றான் ஏழுமலை. அது இன்னும் சுட்டது.

அவள் விடவில்லை. “கடைசிக் கோடு எவ்ளோ ஒசரத்துல இருந்துச்சுண்ணா? நீதான பாத்த.”

பார்த்தேன்தான். நினைவில்லை. படகில் என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். அங்கே வைத்த உள்ளங்கையை நான் கிளம்பும்வரை அவள் எடுக்கவில்லை.

குத்துமதிப்பாகத்தான் காட்டினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.