நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த படம்

தம்பிக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. நம் பாடப்புத்தகம் வெளியான அன்று, அத்தனை ஆசிரியர்கள் முன்னால், "அண்ணன் எழுதினது எதுக்குன்னா, என் ரெண்டு படம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம இருக்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணியும் சிரித்தாள். அவளை மன்னித்துவிட்டேன், சமையல் அவள் கையில் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். என் முதுகுவலி அப்படியே இருக்கிறது. நீ கடைசியாக வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த என் மகள், இப்போது நம் புத்தகத்தைப் படிக்கும் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

படம் பார்த்தே காலத்தை ஓட்டிவிடுவாளோ என்று பயந்து, பாடம் சொல்லும்போது உன் படங்களை ஒரு வெள்ளை அட்டையால் மறைத்துவிடுவேன். ஒருநாள் "இதயம் மார்பின் நடுவே, சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து அமைந்துள்ளது" என்று ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். எங்கே, தொட்டுக்காட்டு என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

உன் அண்ணி வந்து அட்டையை உருவிக்கொண்டு போனாள். "படத்தை மூடி வச்சா புள்ளை முழிக்காம என்ன செய்யும்" என்றாள்.

பிறகுதான் கவனித்தேன். ஒரு வரி படிப்பாள்; விரல் படத்துக்குத் தாவும்; அங்கே தேடிக் கண்டுபிடித்ததும் விட்ட வரிக்கே திரும்பி வரும். துணி தைக்கிற ஊசி மாதிரி. அப்படித் தைத்து முடித்துவிட்டு, நிமிர்ந்து, மார்பில் கை வைத்தாள். வலப்பக்கம்.

உன் படத்தில் பையன் நம்மைப் பார்த்து நிற்கிறான் அல்லவா? அவனுடைய இடப்பக்கம் அவளுக்கு வலப்பக்கம். அவளுடைய ஆசிரியையிடம் சொன்னேன். "வருஷா வருஷம் பாதி வகுப்பு இப்படித்தான் சார். எழுத்துல இடப்பக்கம்னு போட்டிருக்குதேன்னு கேட்டா, படத்துல இந்தப் பக்கம்தானே டீச்சர் இருக்குன்னு சாதிக்குதுங்க" என்றார். பள்ளி வாசலிலிருந்து வீடு வரும்வரை எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் படத்தில் ஓட்டை. என் வரியில் இல்லை.

அந்த வரியை இன்னும் தெளிவாக்க உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. படித்துக் காட்டினேன். மகள் கொட்டாவி விட்டாள். பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, படம் வெளியே தெரியும்படி திருப்பி, தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பையனும் அவளும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். குனிந்து எட்டிப்பார்த்து, "இப்ப அவனுக்கும் எனக்கும் ஒரே பக்கம்பா" என்றாள்.

படமும் சரிதான், வரியும் சரிதான். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று நாம் இருவருமே சொல்லித்தரவில்லை.

மறுபதிப்பு வருகிறது. படங்களைத் தூக்கிவிட்டு வேறு ஆளை வைத்து வரையலாமா என்று பதிப்பகத்து மேலாளர் என்னைக் கேட்டிருக்கிறார். இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும். கூடாது என்று சொல்லப்போகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து நிற்கும் ஒரு சிறுமியின் படம் சின்னதாக வேண்டும். இடத்துக்கு என் பத்தி ஒன்றை வெட்டிவிடுகிறேன். சிரிக்காதே.

அவளைப் பார்க்காமல் நீ எப்படி வரைவாய் என்று யோசித்தேன். புகைப்படம் அனுப்பலாம்தான். ஆனால் அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள், படம் கலங்கிவிடும். புத்தகத்தில் உன் படத்தைக் காட்டி, "இதை யாருப்பா வரைஞ்சது" என்று கேட்டாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். "உன் சித்தப்பா" என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். "சித்தப்பா வீட்டுப் பக்கம் பஸ் ஓடாதா" என்று கேட்கிறாள். அதற்கு நீ வந்து பதில் சொல்.

மங்கிய விளக்கில் வரையாதே. கண்ணைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

வழக்கம்போல் கடிதத்தின் கீழே பெயரெழுதப் போனேன். உன் படங்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன படம் என்று பெயர் போடவேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது, "தெரிஞ்ச முகத்துக்குக் கீழ எதுக்குண்ணே பேரு" என்று கேட்டாயே, அது ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியாத கையெழுத்தா இது? கீழே பெயர் போடாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.