பேசும் துறைமுகம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 ஜூன் 1958

என் உயிர்த்தோழி கமலவேணிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே. எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொண்டிருப்பாய். கண்காட்சி வேலை மூச்சுவிட விடுவதில்லை.

உன் வகுப்பில் பிள்ளைகளுக்காக நீ செய்து வைத்திருந்த மலாக்கா துறைமுக மாதிரியைப் படம் பிடித்துக்கொண்டு போனேன் அல்லவா? அதைத்தான் பெரிதாகச் செய்து, உங்கள் மலாக்கா ஆற்றோரத்துப் பழைய சரக்குக் கிட்டங்கியில் சுதந்திர ஆண்டு விழாவன்று திறக்கிறோம். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், ஒலிநாடா ஓடி ஊர்க்கதை சொல்லும். கண்ணாடிக்குள் வைத்ததைக் கைகட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மியூசியம் இல்லை இது. தமிழுக்கு ஒரு பொத்தான் எதற்கு என்றார்கள். சண்டை போட்டு வாங்கினேன். அந்தக் குரல் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். யாருடைய யோசனை என்று கமிட்டியில் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லிவிட்டேன். பத்திரிகையிலும் வந்துவிட்டது. நமக்குள் உனது எனது என்று உண்டா?

அன்பு மாறாத
கோகிலா

காஜா பெராங், மலாக்கா
17 ஜூன் 1958

அன்புள்ள கோகிலா,

இங்கு எல்லோரும் சுகம். பத்திரிகையை நானும் பார்த்தேன். படத்தில் அந்தச் சேலை உனக்கு எடுப்பாக இருக்கிறது. அந்த மாதிரிக்காக நான் ஆற்று மணல் அள்ளி வந்ததும், பல்புகளுக்குக் கம்பி இழுத்து விரலைச் சுட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. "உன் சிநேகிதி பெரிய ஆளாயிட்டாளே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

குரல் தருகிறேன். தியாகுவின் ரேடியோ கடையில் ஒலிப்பதிவு மெஷின் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் நாடாவை நானே கிட்டங்கியில் கொடுத்துவிடுகிறேன். நீ அலைய வேண்டாம்.

உன்
கமலவேணி

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 செப்டம்பர் 1958

கமலவேணி,

நாடாவை நான் போட்டுக் கேட்கவில்லை. நீதானே பேசியிருக்கிறாய் என்று நம்பினேன். விருந்தினர் முன்னால் தமிழ்ப் பொத்தானை நானே அமுக்கினேன். கப்பல், மிளகு, பாய்மரம் என்று அழகாகத்தான் ஆரம்பித்தாய். பிறகு அதே இனிமையான குரலில், "இந்த மாதிரியைச் செய்தவள் காஜா பெராங் கமலவேணி. தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவள் கோகிலா. பக்கத்தில்தான் நிற்பாள், கேட்டுப் பாருங்கள்" என்றாய்.

அதிகாரிகளுக்குப் புரியவில்லை. நம் ஆட்களுக்குப் புரிந்தது. "இன்னொருக்கா அமுக்குலா" என்றான் ஒருவன். வரிசை கட்டி அமுக்கினார்கள். என் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரிடமே ஒருவர் போய், "உங்க மகளையா சொல்லுது?" என்று கேட்டார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

கோகிலா

காஜா பெராங்
8 செப்டம்பர் 1958

அன்புள்ள கோகிலா,

தனியாகக் கேட்டிருந்தால் தனியாக மன்னிப்புக் கேட்டிருப்பாய். ஊருக்குத் தெரிந்தது அப்படியே இருந்திருக்கும்.

நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். உன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். உன் அப்பாவைப் பார்த்தபோது மட்டும் சங்கடமாக இருந்தது. பசாரைத் தாண்டுவதற்குள் அதுவும் போய்விட்டது.

மாதிரியின் பக்கத்தில் என் பெயர்ப்பலகை வர வேண்டும். அதுவரை நாடா ஓடட்டும்.

கமலவேணி

பிரிக்ஃபீல்ட்ஸ்
2 அக்டோபர் 1958

கமலவேணிக்கு,

பலகை வைத்தாயிற்று. கமிட்டியில் நானே எழுந்து உண்மையைச் சொல்லி, வேலையையும் விட்டுவிட்டேன். பளபளக்கும் பித்தளையில் உன் முழுப்பெயர், நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் இருக்கிறது.

தமிழில் இல்லை. தலைவர் உன் நாடாவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "அந்த மொழியில் என்ன ஓடுகிறதென்று நமக்கு எப்படித் தெரியும்?" என்று தமிழ்ப் பொத்தானையே கழற்றச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறார்கள். வேறு குரலில் புதிதாகப் பதியலாம் என்று நான் வாதாடியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப் போ. "டீச்சர், தமிழ் எங்கே?" என்று கேட்பார்கள். பலகையைக் காட்டு.

கோகிலா