கோன் நூலும் கொசுறும்

தை 18, திங்கள்

காலையில் நல்ல பனி. ஏழு மணிக்கே பின்வயலில் அறுவடை மெஷின். முத்துப்பேட்டை ஜப்பார் பாய் பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் வந்தது. மாதிரிக்கு ஒரே ஒரு கோன், வெள்ளை பாலியஸ்டர் இழை நூல். அரிசி மில்களில் மூட்டை தைக்க. வெளிநாட்டிலிருந்து அவர் வரவழைக்கும் சரக்கு, கன்டெய்னரில் வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு வருகிறது. சுங்கத்தில் எந்த வரித் தலைப்பில் காட்டுவது என்று நான் எழுதித் தர வேண்டும். சென்னையில் சுங்க ஏஜென்ட் ஆபீஸ் வேலையை விட்டு வந்தபின் என் சொந்தப் பெயரில் போகும் முதல் கடிதம்.

தலைப்பு 54.01, தையல் நூல் என்றால் இந்த மூன்றும் வேண்டும்.
முறுக்கு: தூக்கிப் பிடித்தால் இசட் எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்வு. சரி.
பூச்சு: விரலில் வழுக்கியது. சரி.
எடை: கோனோடு சேர்த்து ஆயிரம் கிராம் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசில் 960. சரி.

இருபது நிமிஷ வேலை. பதினொரு வருஷம் வேறு என்னத்தைக் கற்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு.

மொச்சைக் குழம்பில் உப்பு கம்மி.

செவ்வாய்

பாய் போன். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "இந்தத் தடவை கோனுக்கு நூறு கிராம் கூடப் போட வச்சிருக்கேம்மா. அதே விலைதான். கொசுறு கேக்காம நாம என்னைக்கு வாங்கியிருக்கோம்?"

"அப்ப எனக்கு அனுப்புனது?"

"அது போன தடவை சரக்கு. நூல் ஒண்ணுதானே."

960-உம் 100-உம். ஆயிரம் தாண்டிவிட்டது. இனி அது தையல் நூல் இல்லை, வெறும் இழை நூல், 54.02. வரியும் வேறு. எந்தச் சரக்கின் கோன் என்று கேட்காமல் விட்டது நான். வெட்கமாக இருந்தது.

சொன்னேன். "யாரும்மா அதைப் போய் நிறுக்கப் போறா?" என்றார்.

"நிறுப்பாங்க பாய். சரக்கு அங்கேயே நின்னா, அறுவடை நேரத்துல மில்லுக்கெல்லாம் என்ன சொல்வீங்க?"

போனை வைத்துவிட்டார். முதல் வாடிக்கை. போனால் போகட்டும், கடிதத்தை மாற்றியே தீருவேன்.

புதன்

வெயில். கேஸ் சிலிண்டர் சொல்ல மறந்தாச்சு.

பதினொரு மணிக்குப் பாய் நேரிலேயே வந்துவிட்டார், நூல் ஆலைக்காரன் அனுப்பிய எடைப் பட்டியலோடு. கோனோடு சேர்த்து 1,060. பழைய கடிதத்தை அவரே கிழித்தார். புதியது, 54.02. கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் கிளம்பவில்லை. "அடுத்த லோடுக்கும் ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. கொசுறா."

எழுதினேன்: கோனோடு சேர்த்து ஆயிரம் கிராமுக்குள் இருக்கட்டும். கொசுறு கேட்க வேண்டாம்.