உன்னை அழைத்து வர எந்த வண்டி

எளாவூர்
14-10-1979

சௌபாக்கியவதி செண்பகத்துக்கு உன் நைனா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லாரும் சுகம், வண்டிக்குத்தான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை லோகநாதனும் உன் வயிற்றில் இருப்பதும் சுகந்தானா என்று ஒரு வரி போடு. எந்த வண்டி என்று கேட்பாய், சொல்கிறேன். நான் முழுசாகச் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துத் தானே ஒரு கடிதம் எழுதுவதாக உன் அம்மா மிரட்டுகிறாள், அவள் சொல்லி எழுதினால் என் மானம் பிலாய் வரைக்கும் ரயிலேறிவிடும், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் மாப்பிள்ளை எழுதினதை நீயும் படித்திருப்பாய். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தலைப்பிரசவத்துக்கு உன்னை அனுப்பத் தடையில்லை, ஆனால் எளாவூரில் நேரங்கெட்ட நேரத்தில் வலி எடுத்தால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்ன வண்டி இருக்கிறது, பிலாயில் ஆள் அனுப்பினால் ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து நிற்கும், நம்பிக்கையான வண்டி ஒன்று இருப்பதாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிரசவம் பிலாயிலேயே ஆகட்டும் என்று. நியாயமான பேச்சுதான், ஆனால் அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்காக உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தூளி கட்ட உத்தரத்தில் வளையம்கூட மாட்டிவிட்டேன், ஒரு வண்டி இல்லாத குறைக்கு என் மகள் வராமல் போவதா என்று ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தோடு கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனவன் ஒரு பேட்டரி வண்டியோடு திரும்பி வந்தேன். அங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் கம்பிக் கட்டுகளை இங்கேயும் அங்கேயும் கொண்டுபோக வைத்திருந்த வண்டி. அவர்கள் டீசல் வண்டி வாங்கிக்கொண்டு இதை ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். பெரிய பலகைக்கு நாலு சக்கரம் வைத்ததுபோல் இருக்கும், முன்னால் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. சத்தம் இல்லாததுதான் முதல் தொந்தரவு, ஆடு மாடு ஒன்றும் விலகுவதில்லை, ஓரம் ஓரம் என்று நானே கத்திக்கொண்டு வந்ததில் தொண்டை கட்டிவிட்டது. உன் அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, இன்னாயா இது, ஊட்டுக் கதவ கழட்டி உருளை மாட்டி இட்டாந்துட்டியா, வேலியில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கினியே என்றாள். அவளுக்கு மிஷின் விஷயம் தெரியாது என்று வண்டியை மாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இதைக் கேள்விப்பட்டு உன் மாமன் சுப்பராயன் வந்து குதித்தான். அவன் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு விடுகிற பெட்ரோல் காரை உனக்குத்தான் தெரியுமே, ஓட்டுகிற தூரத்தைவிடத் தள்ளுகிற தூரம் அதிகம். அக்கா பொண்ண இட்டார்றது தாய்மாமன் உரிமை மாமா, என் கார்லதான் வரணும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நான் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன், டேய் மச்சான், வண்டி வாங்குவது பெரிசில்லை, பத்து வருஷம் வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிசு, பெட்ரோல் விலை விஷம்போல் ஏறுகிறது, அதற்குமேல் ஆயில் கேட்கிறது, பிளக்கு கேட்கிறது, சைலன்சர் கழன்று விழுகிறது, என் வண்டிக்கு மோட்டார் ஷெட்டில் ஒரு ஒயர் போட்டால் போதும் என்று. அதற்கு அவன், பேட்டரி பூட்டுச்சின்னா புதுசு போட ஒரு ஜோடி உழவு மாட்ட விக்கணும் மாமா, அத்த கணக்குல சேத்தியா என்று கேட்டான். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்று அந்தக் கணக்கை நான் சேர்க்கவில்லை. இந்த வருஷம் நம் கும்மிடிப்பூண்டிக்கு ரயிலே கரண்டில் வருகிறதே, சர்க்கார் என்ன முட்டாளா என்று கேட்டு மடக்கினேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து, ரயிலுக்குத் தலைக்கு மேல பூரா கம்பி கீது, உன் தலைக்கு மேல இன்னா கீது என்றாள். பதில் சொல்லியிருப்பேன், அன்றைக்கு ஊரில் கரண்டும் இல்லை. கரண்டு இருக்கிற நாளிலும் வண்டிக்குச் சார்ஜ் போட்டால் கிணற்று மோட்டார் முனகுகிறது, மோட்டாரைப் போட்டால் சார்ஜ் ஏறுவதில்லை, கத்தரிச் செடி என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. இரண்டு வண்டியையும் பார்க்கிற மெக்கானிக் ஆசீர்வாதத்திடம் நியாயம் கேட்டோம். ரெண்டும் நல்ல வண்டிதான் சார், ரெண்டும் மாறாம நம்ம கிட்டதான் வருது என்றான்.

நடுவில் வேப்பம்பட்டிலிருந்து உன் மாமனார் வந்து ஒரு வேளை இருந்துவிட்டுப் போனார், அவர் சுகமாக இருக்கிறார் என்று மாப்பிள்ளையிடம் சொல். உன் அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, உப்புத் தண்ணி ஊரில் இப்படி ஒரு காப்பியா என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

சரி, பேசிப் பயனில்லை, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. இரண்டு வண்டியும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பி நம் வீட்டுக்கு வர வேண்டும், உன்னை அழைத்து வருவதுபோலவே. என் வண்டியில் ஒரு நாற்காலியைக் கயிற்றால் கட்டி, உனக்குப் பதிலாக உன் அம்மாவை உட்காரவைத்து, மடியில் தளும்பத் தளும்ப ஒரு குடம் தண்ணீர் கொடுத்தேன், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏற்ற வண்டி என்று அர்த்தம். உன் அம்மா திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள், ஆனால் புதுப் புடவை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். சுப்பராயன் காரைக் கூலிக்காரர்கள் தள்ளிவிட்டுக் கிளப்பினார்கள், அவன் முன்ஜாக்கிரதையாக ஆசீர்வாதத்தையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு புகையைக் கக்கியபடி போய்விட்டான். நான் பின்னால் மெதுவாகத்தான் வந்தேன், ஆனால் குடத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை, இதை உன் அம்மாவே மறுக்க மாட்டாள். செக்போஸ்ட்டுக்குக் கிட்டே வந்தால் மச்சான் டீக்கடை ஓரம் காரை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். டீ குடிக்கிற ஆசையில் இன்ஜினை நிறுத்திவிட்டான், மறுபடி அது கிளம்பவில்லை. நான் பார்த்தும் பாராததுபோல் அவனைத் தாண்டினேன் செண்பகம், அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது. தாண்டிச் சரியாகச் செக்போஸ்ட் கம்புக்குக் கீழே போனதும் என் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

பின்னால் கல்கத்தா லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. அங்கிருந்த ஆபீசர் நல்ல மனுஷன், வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இன்ஜின் எங்கய்யா என்றார். இன்ஜின் கிடையாது என்றேன். இன்ஜின் இல்லன்னா இது வண்டியே இல்லியே, அப்ப இது சரக்கா, எந்த லாரியிலேர்ந்து வுழுந்துது என்றார். மேலே குடத்தோடு உட்கார்ந்திருந்த உன் அம்மாவைப் பார்த்து, இதுவும் இதே சரக்கோட சேந்ததா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அந்தக் குடத்துத் தண்ணீர் என் தலையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. கேட்டது அவர், நனைந்தது நான். ஆசீர்வாதம் ஓடி வந்து பேட்டரி மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனான், நான் கையைத் தட்டிவிட்டேன், அது ஆசிட்டு. அதற்குள் உன் அம்மா தானே சொல்லிவிட்டாள். பேட்டரிக்கு ஊற்ற நான் வாங்கி வைத்திருந்த சுத்தத் தண்ணீர் கேனை எடுத்துத்தான் சம்பந்திக்குக் காப்பி போட்டிருக்கிறாள், நான் கேட்பேன் என்று கேனை நம் கிணற்று உப்புத் தண்ணீரால் ரொப்பி வைத்துவிட்டாள், அதை நான் பக்தியாகப் பேட்டரிக்கு வார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், உப்புதான் பேட்டரிக்கு எமன். சம்பந்திக்கு உப்புத் தண்ணி குடுக்கச் சொல்றியா, வண்டி இன்னா காப்பியா குடிக்குது என்று நடு ரோட்டில் என்னையே கேட்டாள். லாரி டிரைவர்கள் எல்லாரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஆசீர்வாதம் என் பேட்டரியில் ஒயர் மாட்டிச் சுப்பராயன் காரைக் கிளப்பினான், என் வண்டியை நகர்த்த வலுவில்லாவிட்டாலும் அவன் இன்ஜினை உசுப்ப அதில் உயிர் மிச்சம் இருந்தது. பிறகு காரின் பின்னால் கயிறு கட்டி என் வண்டியை இழுத்தார்கள். என் கரண்டில் அவன் கிளம்பி, அவன் பெட்ரோலில் நான் வந்து, நடுவில் நாற்காலியில் உன் அம்மா புகையைக் குடித்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்தாள். சாமி புறப்பாடு என்று இரண்டு வீட்டில் கற்பூரம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் நானும் மச்சானும் எந்த வண்டி தோற்றது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உன் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால் நிதானமாகப் பேசினாள். தோ பாருய்யா, இந்த ரெண்டு வண்டிய நம்பி எம்பொண்ண நான் வரச் சொல்ல மாட்டேன். தலைச்சன் புள்ள தாய் ஊட்டுல பொறக்கணும், அவ்ளோதானே. தாய் ஊடுன்னா இன்னா, இந்தச் செவுரா? தாயி நானு. நான் எங்க கீறனோ அதான் அவளுக்குத் தாய் ஊடு, நான் பிலாய்க்குப் போறேன் என்றாள். செண்பகம், உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அறையில் உன் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன். ஆனால் அந்த ரோட்டில் உனக்கு வலி எடுத்திருந்து, நான் கம்புக்குக் கீழே நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், அதற்குமேல் நினைக்க முடியவில்லை. மாப்பிள்ளை கேட்டது சரியான கேள்வி என்று அவரிடம் சொல். அப்போ நான் மட்டும் இங்கே என்ன செய்வது என்று உன் அம்மாவைக் கேட்டேன். நீயும் வா, போற வழியில வண்டி எதுவும் வாங்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வா என்றாள். பண்ணிவிட்டேன்.

பயிரைச் சுப்பராயன் பார்த்துக்கொள்வான். உனக்கு வளையல், புளியோதரைப் பொடி, கருவாடு எல்லாம் அம்மா கட்டிக்கொண்டிருக்கிறாள். ஸ்டேஷனுக்கு யார் வண்டியிலும் போவதாக இல்லை, பஸ்ஸில் போய் ரயிலேறுகிறோம். நீ கனம் தூக்காதே, மாடிப்படி ஏறி இறங்காதே, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. பிலாய் ஆஸ்பத்திரி வண்டி பெட்ரோலா டீசலா, டிரைவர் டீ குடிக்கிற ஆளா என்று மாப்பிள்ளையை விசாரித்து மறக்காமல் பதில் போடச் சொல். மாரியாத்தா உனக்குத் துணையிருப்பாள். நாங்கள் வந்து சேருகிறவரைக்கும் பொறுத்திரு என்று வயிற்றில் இருப்பதிடம் நான் சொன்னதாகச் சொல்லு. அப்புறம் ஒருவரும் பின்னால் தள்ளாமல், நடு வழியில் நிற்காமல், நேரத்துக்குக் கிளம்பி நல்லபடியாக என் கைக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
ஆதிகேசவன்