வலது பக்க ஸ்டிக்கர்

அண்ணா,

இன்று காலை வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். வாடை சமையலறை வரை போய்விட்டது. அண்ணி எட்டிப் பார்த்து, "அவரு இருந்தப்ப தெனம் இந்த நாத்தம்தான்" என்றாள். கதவைச் சாத்தவில்லை.

வெள்ளிமலையில் வேலை பார்த்த காலத்தில் அப்பா பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போன சைக்கிள், நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. புதுக் கறுப்புப் பெயின்ட். இடது பக்கம் கம்பெனிப் பெயர் ஸ்டிக்கர், பொன்னிற எழுத்துகள். வலது பக்கம் ஒன்றுமில்லை.

அந்த ஸ்டிக்கருக்காக நாம் கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை பாயைப் பார்க்கப் போனோமே. பழுப்பேறிய கவரைத் தேடி எடுத்து, "இத வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன், எடுத்துக்கினு போங்க" என்றார். திரும்பும்போது கச்சிராயபாளையம் பஸ்ஸில் அது உன் மடியில் இருந்தது. அதன் மேல் உன் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா பாட்டு?" என்றேன்.

"பாட்டு இல்ல பாப்பா. அம்மா கை."

மடியில் கிடந்த அம்மாவின் கை எப்படி ஆடும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த நடுக்குவாத நோய் பரம்பரையாக வருவது அபூர்வம் என்று நான் படித்ததைச் சொன்னேன். "நீ படிச்சது இந்த வெரலுக்குத் தெரியாதே" என்று சிரித்தாய்.

இடது பக்கத்தை ஒட்டினாய். பிறகு விரல்கள் இறுகின, நடை தளர்ந்தது. ஒருநாள் விழுந்தாய். வலது பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் விடைத்தாள் திருத்தி முடித்து ஓய்ந்து உட்கார்ந்தபோது என் இடது கட்டைவிரல் ஆடியது. காபி என்றேன், தூக்கமின்மை என்றேன். காபியை நிறுத்தினேன். விரல் நிற்கவில்லை. நாளை சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. கை நடுங்காமல் இந்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் போக வேண்டியதில்லை என்று எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

பழைய ஸ்டிக்கர் தண்ணீரில் உதிர்ந்துவிடும் என்பதால், உன்னைப் போலவே முதலில் அதன் மேல் வார்னிஷ் பூசி வெயிலில் காயவைத்தேன். மத்தியானம் தட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, சைக்கிள் சட்டத்தின் வலது பக்கம் வைத்து, அடித்தாளை மெல்ல உருவினேன். எழுத்துகள் நழுவி உட்கார்ந்தன. ஒரு சுருக்கம் இல்லை.

"அவரு ஒட்டினதவிட நேரா கீது" என்றாள் அண்ணி. "கையி இன்னா திடமா கீது உனக்கு."

சேலம் வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன். உன் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் குனிந்தேன். அதிலும் ஒரு சுருக்கம் இல்லை. அன்று நானும் அண்ணியைப் போலத்தான் உன் கையை மெச்சினேன். "வேல குடுத்தா அடங்கிடுது பாப்பா. சும்மா வச்சாதான் ஆட்டம்" என்று நீ சொன்னாய்.

தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்தேன். வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆடியது.

அம்மாவையும் உன்னையும் பார்த்துக்கொண்டவள் அண்ணி. "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

பயமாக இருக்கிறது அண்ணா. அம்மாவிடம் இருந்த கை, உன்னிடம் இருந்த கை, இப்போது என்னிடம். இந்தத் தாள் நகராமல் அந்த இடது கையால்தான் அழுத்திப் பிடித்திருக்கிறேன், அசையவில்லை. எழுதி முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.